சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

முதலில் அது எள்ளு அளவுதான் இருந்தது.

திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து சோபனா துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை. வரைபடத்தை மௌஸால் இழுத்தாள். அதுவும் கூடவே நகர்ந்து வந்தது. அப்படியென்றால் தூசி இல்லை, உள்ளே இருக்கிறது. மத்தியானம் தின்ன நேரமில்லாமல் மூடிவைத்த டப்பாவிலிருந்து புளிச்சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் கடக் என்று எதிலோ இடித்தது. கம்ப்யூட்டர் காலையிலிருந்து தானாகவே அணைந்து அணைந்து உயிரை வாங்கியது. இதற்கு நடுவில் இது ஒன்றுதான் குறைச்சல் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தர்மபுரியில் ஒரு அரசு அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை, டிஜிட்டல் வரைபடம் போடுவது. தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் போகிறது, எந்த ஏரியை யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தவளை, இந்த மாதம் முழுக்க சூரிய கிரகணத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். வரப்போவது வளையக் கிரகணம். நிலா நடுவில் வந்து சூரியனை ஒரு வளையல் மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். ஆனால் பூமியில் ஒரு பட்டைக்குள் நிற்பவர்களுக்குத்தான் அந்த வளையல் தெரியும். அந்தப் பட்டையின் ஓரம் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையை மட்டும் உரசிக்கொண்டு போனது. தர்மபுரி டவுனில் நின்றால் கடித்துவைத்த இட்லி மாதிரி சூரியன் தெரியும். ஏரியூர்ப் பக்கம் போனால்தான் முழு வளையம்.

அதிலும் ஒரு தொல்லை. கிரகணம் பிடிப்பது விடிந்த கொஞ்ச நேரத்திலேயே. சூரியன் அப்போது தாழ்வாக இருக்கும். கிழக்கே ஒரு சின்னக் கரட்டுக் குன்று நின்றாலும் போதும், மறைத்துவிடும். அதனால் தரையின் உயரக் கணக்கையும் அன்றைய சூரியனின் திசையையும் மென்பொருளில் கொடுத்து, எந்த இடத்தில் வெயில் விழும், எங்கே நிழல் விழும் என்று பார்க்க வேண்டும். வெயில் விழுகிற இடம் மஞ்சள். நிழல் கருப்பு. அப்படித் தேடி அவள் கண்டுபிடித்த இடம்தான் ஏரியூருக்குத் தெற்கே இருக்கிற கல்லேரி. பேருக்குத்தான் ஏரி. தண்ணீரைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்ட பாளம்பாளமான தரை. மரம் இல்லை, மேடு இல்லை, கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கரடும் இல்லை. திரையில் தட்டு நிறைய மஞ்சள்.

மஞ்சளுக்கு நடுவில் அந்த எள்ளு.

நிழல் விழ வேண்டுமென்றால் கிழக்கே ஏதாவது நிற்க வேண்டும். ஒன்றுமே நிற்கவில்லை. முந்தின நாள் தேதியைக் கொடுத்துப் பார்த்தாள், சுத்தமான மஞ்சள். மறுநாள் தேதி, அதுவும் மஞ்சள். கிரகணத்து நாளைக் கொடுத்தால் மட்டும் எள்ளு வந்து உட்கார்ந்தது. மென்பொருளுக்குக் கிரகணம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு எல்லா நாளும் ஒன்றுதான். அவள் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"சோபனா, இன்னிக்கு அனுப்பிடலாமாம்மா?" பக்கத்து அறையிலிருந்து பிரபாகர் குரல் கொடுத்தார். அவளுடைய மேலதிகாரி. நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் இன்னிக்கே அனுப்ப வேண்டும்.

"டேட்டால ஒரு கோளாறு இருக்குங்க சார்."

"வரைவுன்னு போட்டு குரூப்ல போட்டு விடும்மா. பஞ்சாயத்துக்காரங்க உசுர எடுக்கறாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, எள்ளோடு சேர்த்தே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்.

வீட்டில் ஜாஸ்மின் அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தாள். ஆறாவது படிக்கிற மகள், பள்ளியின் அறிவியல் மன்றத்தில் இருக்கிறாள். பெண்ணாகரத்திலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கல்லேரிக்குக் கூட்டிப்போகிறார்கள், அதில் அவளும் ஒருத்தி. "ஜாஸ்மினோட அம்மா போட்ட மேப்புல இருக்கற எடத்துக்குத்தான் எல்லாரும் போறோம்னு நிர்மலா மிஸ் க்ளாஸ்ல சொன்னாங்கம்மா" என்று ரெட்டைச் சடை ஆட ஆடச் சொன்னாள். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தாள். ஓசூர் கம்பெனி ஷிப்டிலிருந்து ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரும் அப்பா மாதேஷும் சிரித்தான். சோபனாவும் சிரித்தாள். ஆனால் சோற்றைப் பிசைகிற கையில் அந்த எள்ளு ஒட்டிக்கொண்டே இருந்தது.

செயற்கைக்கோள் தரவு துல்லியமில்லாதது, அதனால்தான் இப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆள் பிடித்து, கெஞ்சி, கல்லேரிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த உயரத் தரவை வாங்கினாள். தரையில் ஒரு செங்கல் கிடந்தாலும் அதில் தெரியும். இனிமேல் அந்தக் கருப்பு காணாமல் போய்விடும் என்று நம்பித்தான் ஓடவிட்டாள்.

காணாமல் போகவில்லை. வளர்ந்திருந்தது.

இப்போது அது எள்ளு இல்லை. ஒரு திட்டு. கிழக்குப் பக்கம் அடர்த்தியாக, மேற்குப் பக்கம் கீற்றுக் கீற்றாக நீண்டு, கறுப்பு விரல்களை அருகருகே வைத்த மாதிரி. எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. எதனுடைய நிழல் என்று தரையில் தேடினால் ஒரு செங்கல்கூட இல்லை. அந்தப் படத்தையும் பிரபாகர் கேட்டார், அதையும் குழுவில் போட்டாள். "இதப் பாருங்க சார், எடத்த மாத்திரலாம்" என்று கேட்டாள்.

"ஆர்டர் போயாச்சு. கக்கூஸ் வண்டி சொல்லியாச்சு, தண்ணி டேங்க் சொல்லியாச்சு. ஒரு கருப்புப் புள்ளிக்காக எடத்த மாத்தணும்னு நான் மேல போய் எப்படிம்மா சொல்றது?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்த நியாயம்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நேரில் பார்த்துவிடலாம் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஓட்டுநர் தமிழ்ச்செல்வன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்போனும் கையுமாக நிழலில் சாய்ந்துகொண்டார். மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. போனில் வரைபடத்தைத் திறந்துவைத்து, தன்னைக் காட்டுகிற நீலப் புள்ளி அந்தத் திட்டை நோக்கி ஊர்வதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தரை காலுக்குக் கீழே மொறுமொறுவென்று உடைந்தது. தூரத்தில் காசியம்மாள் என்ற பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லேரிக் கரையிலேயே வீடு. ஆடுகள் கழுத்து மணி கிணுகிணுக்க நேராக வந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் எல்லாம் ஒன்றாக விலகி, வளைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி சேர்ந்துகொண்டன.

நடுவில் வெறும் தரைதான் இருந்தது.

"ஏனுங்க, ஆடு அங்க போகாதா?" என்று சோபனா கேட்டாள்.

"போவாதுங்க" என்றாள் காசியம்மாள். "மின்னெல்லாம் போவும். இப்ப ஒரு மாசமாத்தான் இப்படி. நாங்களும் போறதில்லீங்க."

ஒரு மாசம். அவள் இந்த வேலையைத் தொடங்கியும் ஒரு மாசம்தான். அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு நீலப் புள்ளியைத் திட்டுக்குள் நடத்திக்கொண்டு போனாள்.

உள்ளே கால் வைத்ததும் மணிச் சத்தம் நின்றது. ஆடுகள் நிற்கவில்லை, அவை தலையை ஆட்டிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசம் வந்தது. வெயில் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் சுடவில்லை. கீழே பார்த்தாள். மேகமே இல்லாத அந்த வெயிலில் அவளுடைய நிழல் வெளுத்துப் போய், பலதரம் துவைத்த துணி மாதிரிக் கிடந்தது. அவள் வேகமாக வெளியே வந்தாள். ஓடவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள், ஆனால் மூச்சு வாங்கியது. ஜீப்பில் ஏறியதும் தமிழ்ச்செல்வன், "மொகமெல்லாம் வேத்திருக்கு மேடம், தண்ணி குடிங்க" என்றார்.

அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆடு போகவில்லை, நிழல் வெளுத்திருந்தது என்று அறிக்கை எழுத முடியுமா? அன்று அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு பிரபாகர் நான்கு தரம் எட்டிப் பார்த்தார். இறுதி வரைபடம் எங்கே, இறுதி வரைபடம் எங்கே. அவளுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அவர்மேல், மென்பொருள்மேல், காசியம்மாளின் ஆடுகள்மேல். கடைசியில் மௌஸைப் பிடித்து, அந்தக் கறுப்புக் கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே மஞ்சள் பூசி அழித்தாள். அழிக்கும்போது ஒரு கீற்று மற்றவற்றைவிடக் குட்டையாக, தலைப்பக்கம் இரண்டாகக் கிளை பிரிந்து இருந்ததைக் கவனித்தாள். அதையும் அழித்தாள். தட்டு நிறைய மஞ்சளோடு படம் போய்ச் சேர்ந்தது. பிரபாகர் குழுவில் கட்டைவிரல் காட்டினார்.

கிரகணத்தன்று விடியற்காலையில் அவளைக் கல்லேரிக்குப் போகவிடவில்லை. அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே வந்திருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துத் தர்மபுரிக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஜாஸ்மினின் பஸ் ஒரு பச்சைப் புள்ளியாக ஏரிக்கரையில் போய் நின்றது. ஊர் அடைத்துக்கிடந்தது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தி, ஜன்னல் சாத்தி, குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை. வெளியூர்க்காரர்கள் மட்டும் கண்ணாடியும் கேமராவுமாகக் கல்லேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெல்ல வெளிச்சம் குறைந்தது. சாயங்காலம் மாதிரிக் குறையவில்லை. சாயங்காலத்தில் ஒரு மஞ்சள் இருக்கும், இதில் அது இல்லை. யாரோ வெளிச்சத்துக்குள் சாம்பலைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் நின்ற வேப்பமரத்தின் அடியில் இலைச் சந்து வழியாக விழுந்த வட்ட வட்ட வெயில் எல்லாம் பிறையாகி, பிறை மெலிந்து, கடைசியில் தரை முழுக்க வளையங்களாகிவிட்டது. காக்கா கத்துவதை நிறுத்தியது. கல்லேரிப் பக்கமிருந்து ஜனங்கள் ஓவென்று கூவுவது கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு பாதியில் வெட்டினாற்போல நின்றுவிட்டது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. பிரபாகர். போட்டோ வேண்டுமாம்.

வளையங்கள் மறுபடி பிறைகளாகி, பிறைகள் தடித்து வட்டமாகி, வெளிச்சம் முழுசாகத் திரும்பியபோது பஞ்சாயத்துச் செயலர் கலைமணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாலு நாளாகத் தூங்காத முகம்.

"வெளியூர்க் கூட்டத்த எல்லாம் கரைமேலயே நிறுத்திட்டோம் மேடம். புள்ளைங்கள மட்டும் நீங்க சொன்ன எடத்துல உள்ள வுட்டோம்."

"நான் எந்த எடத்தச் சொன்னேன்?"

"மேப்புல கருப்பா காட்டியிருந்தீங்களே." அவர் மடித்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். குழுவில் அவள் இரண்டாவதாகப் போட்ட வரைவு, ஏரியூர் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. மஞ்சள் எல்லாம் வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது. தாளில் இருந்த ஒரே அடையாளம் அந்தத் திட்டுதான். "புள்ளைங்க நிக்கறதுக்குன்னு கருப்படிச்சிருக்கீங்கன்னு நெனச்சு, அதே அளவுக்குச் சுண்ணாம்புத் தூள்ல கோடு போட்டுட்டோம். ஒரு அடி பிசகல மேடம், செல்போன வச்சு அளந்துதான் போட்டோம். கடைசியா வந்த மேப்புல அது இல்லீங்க, அதனால பழசயே வச்சுக்கிட்டோம்."

அவர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

சோபனா மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பூசிய மஞ்சளின் மேல், அவள் ஒவ்வொன்றாக அழித்த அதே இடத்தில், கறுப்புக் கீற்றுகள் வரிசையாக நின்றன. குட்டையானது முன்வரிசையில் இருந்தது. தலையில் இரண்டு கிளை.

ரெட்டைச் சடை.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

தெருவில் ஆள் இல்லை. அவள் காலடி மட்டும் சாத்திய கதவுகளில் மோதித் திரும்பியது. வெயில் சுள்ளென்று அடித்தது, சூரியன் முழுசாகிவிட்டது, முடிந்துபோயிற்று, எல்லாம் முடிந்துபோயிற்று, பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். கடைசி வீடு காசியம்மாளுடையது. வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கிறவரை உலக்கை நிற்கும், விட்டதும் விழும் என்று ஊரில் செய்வதுதான். பொறுமையாக வைத்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும் என்று சோபனா ஜாஸ்மினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒரு கோழி தாம்பாளத்தின் விளிம்பில் ஏறிக் குதித்தது. தாம்பாளம் ஆடியது, தண்ணீர் தளும்பியது, உலக்கை சாய்ந்தது. சாய்ந்த உலக்கை மெதுவாக நிமிர்ந்து, மறுபடி நேராக நின்றது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து காசியம்மாளின் குரல் கேட்டது. "யாருங்க அது, வெளிய திரியாதீங்க. உலக்கை இன்னும் வுழுவல. கிரகணம் இன்னும் வுடலீங்க."

சோபனா நிற்கவில்லை.

கரைமேல் ஜனங்கள் கலைந்து, டீ வண்டியைச் சுற்றி நின்று, சிரித்துப் பேசி, போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏரிக்குள்ளே பார்க்கவில்லை. உள்ளே, வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கோட்டுக்குள், பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். நிர்மலா மிஸ்ஸும் நின்றாள். எல்லோர் முகத்திலும் கண்ணாடி. எல்லோர் தலையும் மேலே. ஒரு தலை அசையவில்லை.

"பாப்பா" என்று கூப்பிட்டாள். "ஜாஸ்மின்!"

கோட்டைத் தாண்டினாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

பூட்டிய வீட்டு வாசம். சுடாத வெயில். முன்வரிசையில் ரெட்டைச் சடை. தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஜாஸ்மின்தான். அவளுடைய பிள்ளைதான். மூச்சு விட்டுக்கொண்டு, முழுசாக, மூக்கு நுனியில் வியர்வையோடு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சோபனா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே மேற்குப் பக்கம் வந்து விழுந்தாள். சத்தம் திரும்பி வந்தது. டீ வண்டி மணி, ஜனங்களின் பேச்சு, தன்னுடைய அழுகை. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தேவனே, தேவனே என்று அவளுடைய வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை கையில் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

அவளைத் தொடர்ந்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். இரண்டு இரண்டு பேராக, வரிசை குலையாமல், கண்ணாடியைக் கழற்றாமல், கோட்டைத் தாண்டி, அவர்களைக் கடந்து பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். கடைசியாக நிர்மலா மிஸ். பாளம் உடைகிற சத்தம் ஒருவர் காலடியிலும் கேட்கவில்லை.

ஜாஸ்மின் ரொம்ப லேசாக இருந்தாள்.

சோபனா கீழே பார்த்தாள். தன் நிழல் தரையில் கிடந்தது. குனிந்து, இரண்டு கையையும் வளைத்து, எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

"அம்மா" என்றாள் ஜாஸ்மின் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "எப்பம்மா முடியும்?"

சுண்ணாம்புக் கோட்டுக்குள் யாரும் இல்லை. வெறும் தரைமேல் நிழல்கள் இருந்தன. சூரியன் ஏறிவிட்ட பிறகும் வளையம் பிடித்த நேரத்தின் நீளம் குறையாமல், கீற்றுக் கீற்றாக, அருகருகே, வரைபடத்தில் இருந்தபடியே. முன்வரிசையில் குட்டையான ஒன்று மட்டும் அசைந்தது. ரெட்டைச் சடை தரைமேல் இழுபட, கோடு வரைக்கும் வந்தது. கோட்டைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் சோபனாவைப் பார்த்து நீட்டியது.